கெப் வண்டிக்குள்ளே மழை: முன் கண்ணாடி ஒழுக்கைக் கண்டுபிடிப்போம், சரிசெய்வோம்



மழைக்காலம் வந்தால் லயத்தில் நாம் முதலில் பார்ப்பது கூரைத் தகரத்தைத்தான். எங்கே ஒழுகுது, எங்கே வாளி வைக்கணும் என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்று பல லயங்களுக்கு முன்னால் இன்னொரு கூரையும் நிற்கிறது. அது கெப் வண்டியின் கூரை. மரக்கறி ஏற்ற, சாமான் ஏற்ற, கூலிக்கு ஓட என்று நம் பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கும் வண்டி. அந்த வண்டிக்குள் ஒழுகினால் யாரும் வாளி வைப்பதில்லை. கால்மிதிக்கு மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறோம்.

அது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். வண்டி இல்லாதவர்களும் வாசியுங்கள். ஆபத்து நேரத்தில் நாமும் ஏறிப் போகும் வண்டிதானே.

ஒரு வண்டியின் கதை

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி பழைய கெப் ஒன்று வாங்கினார். அம்மா ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எப். காசு முதல் கட்டணமாகப் போனது. மிச்சம் லீசிங். வாரத்தில் ஐந்து நாள் மரக்கறி ஏற்றினார். மாதக் கட்டணம் தவறாமல் போனது.

முதல் மழையிலேயே டிரைவர் காலடியில் ஈரம். ஒரு கராஜுக்குக் கொண்டு போனார்.

"அண்ணே, வண்டிக்குள்ள தண்ணி வருதுண்ணே."

"எந்தப் பக்கம் தம்பி?"

"வலது பக்கம், பிரேக் மிதிக்கிற இடத்துல."

"அப்ப வலது பக்கக் கண்ணாடி ஓரந்தான். சிலிகன் அடிச்சா சரியாப் போயிரும்."

அடித்தார்கள். ஒரு வாரம் நின்றது. பிறகு மறுபடி ஈரம். மறுபடி சிலிகன். மூன்றாம் முறை தம்பி கராஜுக்குப் போகவில்லை. சாக்குப் போட்டார்.

ஜூலை மாதத்து மழை இரவு ஒன்றில் பக்கத்து லயத்தில் ஒரு தங்கச்சிக்குப் பிரசவ வலி கண்டது. வேறு வண்டி கிடைக்கவில்லை. இவரது கெப்தான் கிளம்பியது. பாதி வழியில் முன் கண்ணாடி முழுக்க உள்ளே புகை மூடின மாதிரி ஆகிவிட்டது. ஒரு கையால் துடைத்துக் கொண்டே ஓட்டினார். அடுத்த வளைவில் வைப்பரும் நின்றுபோனது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நல்ல வேளையாக அவர் வீராப்புக் காட்டாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த வேன்காரர் அந்தத் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. அடியில் இருந்த பஞ்சு பிழிந்தால் தண்ணி கொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. அந்த ஈரம்தான் கண்ணாடியில் போய்ப் படிந்தது. டேஷ்போட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்தது. அதனால்தான் வைப்பர் நின்றது. தளத் தகட்டில் கட்டை விரல் போகும் அளவுக்குத் துரு ஓட்டை.

சரி, ஒழுக்கு எங்கே இருந்தது? வலது பக்கத்தில் இல்லை. கண்ணாடியின் மேல் ஓரத்தில், நடுவிலிருந்து சற்று இடது பக்கமாக இருந்தது. தண்ணி அங்கே நுழைந்து, இறப்பருக்கு அடியில் ஓடி, வலது மூலையில் இறங்கி, பிரேக் பக்கம் வந்து சேர்ந்தது. ஏன் வலது பக்கம் ஓடியது? அவர் இரவில் வண்டி நிறுத்தும் இடம் வலது பக்கமாகச் சரிவு. அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஈரம் இருக்கும் இடம் ஒழுக்கு இருக்கும் இடமல்ல. முதலில் தேடுங்கள், பிறகு பூசுங்கள்.

தண்ணி நடக்கும் வழி

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கோப்பை நிறையத் தண்ணி எடுத்து மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணி நேரே கீழே விழாது. கோப்பையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அடிவரைக்கும் ஓடி, பிறகுதான் சொட்டும். தேத்தண்ணி ஊற்றும்போது மேசையெல்லாம் நனைவது இதனால்தான்.

இன்னொன்று. ஒரு துணித் துண்டின் ஒரு முனையைத் தண்ணிக் கிண்ணத்தில் போட்டு, மறு முனையை வெளியே தொங்க விடுங்கள். கொஞ்ச நேரத்தில் துணி தண்ணியை உறிஞ்சி, விளிம்பைத் தாண்டி வெளியே சொட்டவிடும். மெல்லிய இடுக்குகளில் தண்ணி மேல் நோக்கியும் ஏறும்.

லயக் கூரையிலும் இதுதானே நடக்கிறது? ஆணி ஓட்டை ஒரு பக்கம். தண்ணி தகரத்தின் அடியில் ஓடி, கைமரத்தில் இறங்கி, வேறொரு பக்கம் படுக்கையில் சொட்டும். படுக்கைக்கு நேர் மேலே தேடினால் ஓட்டை கிடைக்காது. வண்டிக் கண்ணாடியும் அப்படித்தான்.

கண்ணாடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது?

வண்டியின் முன் கண்ணாடி ஒரே துண்டு அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. கல் பட்டால் வெடிக்கும், ஆனால் தூள்தூளாகச் சிதறி முகத்தில் விழாது. பிரான்ஸ் நாட்டு இரசாயன அறிஞர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் இப்படி இரட்டைக் கண்ணாடி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுக்க வண்டிகளின் முன்னால் இருப்பது அந்த வழியில் வந்த கண்ணாடிதான்.

அந்தக் கண்ணாடியை வண்டியில் பொருத்த இரண்டு முறை உண்டு.

முதலாவது, இறப்பர் முறை. பழைய கெப், பழைய லொறிகளில் இதைக் காணலாம். கண்ணாடியைச் சுற்றி விரல் தடிப்பில் கறுப்பு இறப்பர் பீடிங் இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தாலும் அந்த இறப்பர் தெரியும். இறப்பரின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும், மறு பள்ளத்தில் வண்டியின் தகட்டு விளிம்பும் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, பசை முறை. புதிய வண்டிகளில் இதுதான். யூரெத்தேன் என்ற கெட்டியான கறுப்புப் பசையால் கண்ணாடியைத் தகட்டோடு ஒட்டியிருப்பார்கள். வெளியே ஒரு மெல்லிய பட்டிதான் தெரியும். கண்ணாடி ஓரத்தில் கறுப்பு வண்ணப் பட்டை ஒன்றும் இருக்கும். அது அழகுக்கு மட்டும் இல்லை. வெயில் பட்டுப் பசை கெட்டுப்போகாமல் காப்பது அதுதான். இந்த வண்டிகளில் கண்ணாடியும் கூரைக்கு ஒரு பலம். வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் இருக்க அதுவும் உதவுகிறது. ஆகவே ஒட்டும் வேலை அரைகுறையாக இருக்கக் கூடாது.

உங்கள் வண்டி எந்த முறை என்று முதலில் பார்த்து வையுங்கள். சரிசெய்யும் விதம் இரண்டுக்கும் வேறு.

அறிகுறிகள்

கண்ணால் தண்ணி சொட்டுவதைக் காணும்வரை காத்திருக்க வேண்டாம். இவை இருந்தால் சந்தேகப்படுங்கள்:

- காலையில் கதவைத் திறந்ததும் பூஞ்சண நாற்றம்.
- மழை இல்லாத காலையிலும் கண்ணாடியின் உட்பக்கம் பனி மூடியிருத்தல்.
- கால்மிதி மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம்.
- கண்ணாடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போல வீங்கியிருத்தல். அதற்கு அடியில் துரு உண்டு.
- கூரையின் உள் துணியிலோ, கண்ணாடிக்கு இரு பக்கத்துத் தூணிலோ மஞ்சள் கறை.
- அடிக்கடி பியூஸ் போவது, விளக்கு அல்லது வைப்பர் காரணமில்லாமல் நின்று நின்று வேலை செய்வது.

கண்ணாடி மேல் பழி போடும் முன்

காலடியில் ஈரம் என்றாலே முன் கண்ணாடிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். வேறு கள்ளர்களும் உண்டு. ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்.

முதலில் ஒரு கேள்வி: மழை பெய்யாத நாளிலும் ஈரமாகிறதா? ஆம் என்றால் மழைத் தண்ணி அல்ல. ஏ.சி. போட்டு ஓடிய நாளில் மட்டும் ஈரமானால், ஏ.சி. தண்ணி வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஈரம் பிசுபிசுப்பாக, நிறமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ரேடியேட்டர் தண்ணி. ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதன் குழாய் ஒழுகலாம். இதைத் தள்ளிப் போடாதீர்கள், எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.

மழை நாளில் மட்டும்தான் ஈரம் என்றால் இந்த இடங்களைப் பாருங்கள்:

வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை: வெளிக் காற்று உள்ளே போகும் வழி இது. நம் பக்கம் வண்டிகள் சவுக்கு, டர்பன்டைன் மரங்களுக்கு அடியில் நிற்கின்றன. இலையும் ஊசிச் சருகும் விழுந்து அடைத்துவிடும். வெளியே வடிய வேண்டிய தண்ணி குளம் போலத் தேங்கி, காற்று போகும் வழியாக உள்ளே வரும். பல வண்டிகளில் கையால் சருகை அள்ளிப் போட்டாலே ஒழுக்கு நின்றுவிடும். ஒரு சதமும் செலவில்லை.

கதவுகள்: கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழை கதவின் வயிற்றுக்குள் போய், அடியில் உள்ள சின்னத் துளைகளால் வெளியேற வேண்டும். மண் அடைத்தால் உள்ளே வரும். கதவின் உள் பலகைக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் பூட்டும்போது அதைக் கிழித்துவிட்டாலும் தண்ணி வரும்.

கூரை: ஏரியல் பூட்டிய துளை, மேலே சாமான் கட்டும் கம்பியின் ஆணிகள், ஓரத் தையலில் வெடிப்பு.

எஞ்சின் பக்கத்துத் தகடு: வயர்கள் உள்ளே வரும் துளைகளில் இறப்பர் மூடி இருக்கும். ரேடியோ, அலாரம் என்று வயர் இழுத்தவர்கள் அதைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள்.

பின் கண்ணாடி: கெப்பில் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கண்ணாடியும் இறப்பரில்தான் பெரும்பாலும் நிற்கிறது. அங்கே நுழையும் தண்ணி தளம் வழியாக முன்னால் ஓடி வரும்.

இவை எல்லாம் சரி, இன்னும் ஒழுகுது என்றால் இப்போது முன் கண்ணாடியைப் பரிசோதிப்போம்.

தேடும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வீட்டில் அக்காவோ தம்பியோ உதவலாம். தேவையானவை: தண்ணீர்க் குழாய் அல்லது பூவாளி, டோர்ச் லைட், பழைய பத்திரிகைத் தாள், முகத்துக்குப் போடும் பவுடர், ஒட்டும் டேப்.

1. மழையில்லாத நாளைத் தெரிந்து கொள்ளுங்கள். வண்டியைத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். ஈரமான வண்டியில் ஒழுக்குத் தேட முடியாது.

2. கால்மிதி, கார்பட் இரண்டையும் வெளியே எடுங்கள். முடிந்தால் கண்ணாடிக்கு இரு பக்கமும் உள்ள தூண் மூடிகளையும் கழற்றுங்கள். தளத்தில் பத்திரிகைத் தாள் விரியுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரியும்.

3. கண்ணாடியின் உள் ஓரத்தைச் சுற்றிப் பவுடர் தூவுங்கள். தண்ணி நடந்த பாதை பவுடரில் கோடாகத் தெரியும்.

4. வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். வெளியே இருப்பவர் தண்ணியை மெதுவாக ஓட விடவேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. பீய்ச்சினால் நல்ல இடத்திலும் தண்ணி நுழையும், பொய்யான பதில் வரும்.

5. கீழேயிருந்து தொடங்குங்கள். இதுதான் மிக முக்கியம். முதலில் வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடைக்கு 5 நிமிடம். பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம் 5 நிமிடம். பிறகு இடது பக்கம், வலது பக்கம். கடைசியாக மேல் ஓரம். மேலேயிருந்து தொடங்கினால் தண்ணி எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த இடத்தில் நுழைந்தது என்று சொல்ல முடியாது.

6. உள்ளே இருப்பவர் டோர்ச் அடித்து ஓரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் கண்டதும் "நிறுத்து" என்று சொல்லுங்கள். அந்த நேரம் வெளியே எங்கே தண்ணி விட்டீர்களோ அங்கே டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

7. அதோடு முடித்துவிடாதீர்கள். மிச்ச ஓரங்களையும் பாருங்கள். ஓட்டை இரண்டு இருக்கலாம்.

மட்டமான இடத்தில் ஒழுகாவிட்டால் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். முகம் மேலே, முகம் கீழே, இடது சாய்வு, வலது சாய்வு. நமது மலை றோட்டில் வண்டி மட்டமாக ஓடும் நேரமே குறைவு. சாய்ந்தால் மட்டும் ஒழுகும் வண்டிகள் நிறைய உண்டு.

தண்ணி விட்டும் பிடிபடாவிட்டால் சவர்க்கார முறை இருக்கிறது. எல்லாக் கதவு, கண்ணாடிகளையும் மூடி, உள்ளே காற்றாடியை வெளிக் காற்று வரும்படி ஆகக் கூடிய வேகத்தில் போடுங்கள். வண்டி வீங்கின பலூன் மாதிரி உள்ளே அழுத்தம் கொள்ளும். வெளியே கண்ணாடி ஓரத்தில் சவர்க்காரத் தண்ணியைப் பிரஷால் பூசுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரைக் குமிழ் வரும். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுகிற மாதிரிதான்.

சரிசெய்தல்: இறப்பர் கண்ணாடி

முதலில் இறப்பரை அழுத்திப் பாருங்கள். மெதுவாக வளைந்து கொடுத்தால் இன்னும் உயிர் உண்டு. அப்படியானால்:

ஒரு மெல்லிய மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் துண்டால் இறப்பரின் உதட்டைத் தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், இறப்பர் கிழியும், கண்ணாடி வெடிக்கும். உள்ளே சேர்ந்த மண்ணையும் பாசியையும் ஈரத் துணியால் சுத்தம் செய்து, நன்றாகக் காய விடுங்கள். பிறகு வண்டிச் சாமான் கடையில் விற்கும், இறுகிக் காயாத கறுப்பு வின்ட்ஸ்கிறீன் பசையைக் கேட்டு வாங்குங்கள். அதை இறப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தடவை, இறப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தடவை விடுங்கள். அடையாளம் வைத்த இடத்தில் மட்டும் நிறுத்தாமல், இரு பக்கமும் ஒரு சாண் கூடுதலாகப் போடுங்கள். விரலால் அழுத்தி, வெளியே வந்ததை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள்.

இறப்பர் கல் மாதிரி இறுகி, வெடித்து, மூலைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால் பூசிப் பலனில்லை. புது இறப்பர் போடத்தான் வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, இறப்பர் பள்ளத்தில் கயிறு சுற்றி, சவர்க்காரத் தண்ணி தடவி, உள்ளேயிருந்து கயிற்றை இழுத்து இறப்பரைத் தகட்டில் ஏற்றுவார்கள். பழகின பாஸ் ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த முறை கேள்வி கேட்கத் தெரியும்.

சரிசெய்தல்: பசைக் கண்ணாடி

மயிரிழைபோல் ஒரு இடுக்கு என்றால், அதற்குள் தானாக ஓடிப் போகும் வின்ட்ஸ்கிறீன் பசை உண்டு. சுத்தம் செய்து, காய வைத்து, அதை விடலாம். ஆனால் இது மழைக்காலம் தாண்டுவதற்கான வைத்தியம் மட்டும். பிறகு கண்ணாடியைக் கழற்றும்போது "இங்கே இதைப் போட்டிருக்கிறோம்" என்று பாஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலிகன் மிச்சம் இருக்கும் இடத்தில் யூரெத்தேன் பிடிக்காது.

நிரந்தர வேலை என்றால் கண்ணாடியை வெட்டி எடுத்துப் புதுப் பசையில் ஒட்ட வேண்டும். இது கையில் பழக்கம் உள்ளவர் செய்யும் வேலை. ஆனால் நீங்கள் நான்கு விஷயம் கவனிக்கலாம்:

- பழைய பசையை ஒரே மட்டமாகச் சீவி, மெல்லிய ஒரு படலம் மட்டும் விட்டார்களா?
- துரு இருந்த இடத்தைச் சுரண்டினார்களா?
- கண்ணாடிக்கும், வெறும் தகடு தெரியும் இடத்துக்கும் பிரைமர் பூசினார்களா?
- பசை நடுவில் விட்டுப்போகாமல் ஒரே கோடாகச் சுற்றி வந்ததா?

வேலை முடிந்ததும் "இப்பவே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று அவசரப்படாதீர்கள். பசை இறுகும் நேரம் அதன் குழாயிலேயே எழுதியிருக்கும். அதுவரை வண்டி நிற்கட்டும். அந்த நேரத்தில் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று ஈரப் பசையைத் தள்ளி ஓட்டை போட்டுவிடும்.

துருவை மூடி மறைக்க வேண்டாம்

மேலே சொன்ன தம்பியின் வண்டியில் சிலிகன் ஏன் நிற்கவில்லை? இடம் பிழை என்பது ஒரு காரணம். இன்னொன்று உண்டு. புளிக்காடி வாசனை வரும் சாதாரண சிலிகன் காயும்போது அமிலம் விடுகிறது. அது வெறும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். குளியலறைக்கு வாங்கும் சிலிகன் வண்டிக்கு ஆகாது.

துருவுக்கு மேலே எந்தப் பசையைப் பூசினாலும் அது தகட்டைப் பிடிப்பதில்லை, துருவைத்தான் பிடிக்கிறது. துரு உதிரும்போது பசையும் சேர்ந்து உதிரும். ஆகவே மினுங்கும் தகடு தெரியும்வரை சுரண்டி, துருவுக்கான பிரைமர் பூசி, பெயின்ட் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கண்ணாடி. ஓட்டை விழுந்திருந்தால் டிங்கர் வேலை செய்து தகடு வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். செலவுதான். ஆனால் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் அது இரண்டு மடங்கு வேலையாக வளரும்.

உள்ளே காய வைத்தல்

ஒழுக்கை அடைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கார்பட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் தண்ணியை வைத்திருக்கும். அதை முழுக்க வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்பங்கரைப் பரணில் தொங்க விடுங்கள், நெருப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தளத்தில் துரு இருந்தால் சுரண்டிப் பெயின்ட் பூசிய பிறகே திரும்பப் போடுங்கள். ஈரத் தளம் காயாதவரை கண்ணாடியில் பனி மூடுவது நிற்காது.

பியூஸ் பெட்டி நனைந்திருந்தால் பெட்டரியின் மறை முனை வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பச்சை பூத்த முனைகளை எலெக்ட்ரிசியனிடம் காட்டுங்கள்.

எல்லாம் முடிந்து பசை காய்ந்த பிறகு, பத்திரிகைத் தாள் விரித்து மறுபடியும் அதே தண்ணிப் பரிசோதனையைச் செய்யுங்கள். தாள் காய்ந்திருந்தால்தான் வேலை முடிந்தது.

சாக்கு ஒன்றைச் சுருட்டி மிதிபலகைக்குக் கீழே வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பிரேக்குக்குக் கீழே சாக்கு நுழைந்தால் மிதிக்க முடியாமல் போகும்.

எப்போது பார்ப்பது?

மேற்கு மலைச்சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்கள் நாட்டிலேயே ஆகக் கூடிய மழை பெறும் இடங்கள். அங்கே இருப்பவர்கள் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பதுளை, பண்டாரவளை என்று ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. நீங்கள் செப்டெம்பரில் பாருங்கள்.

தோட்டத்து வண்டி ஓட்டும் சாரதிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒழுக்கைக் கண்டால் வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு யாரும் "நீ சொல்லவே இல்லையே" என்று கேட்க முடியாது.

நினைவில் வைக்க

1. ஈரம் இருக்கும் இடம் ஒழுக்கு இருக்கும் இடமல்ல.
2. முதலில் சருகை அள்ளுங்கள். செலவில்லாத வேலை முன்னால்.
3. தண்ணிப் பரிசோதனை கீழேயிருந்து மேலே.
4. துருவுக்கு மேலே பூசாதீர்கள்.
5. உள்ளே காயாமல் வேலை முடியாது.
6. ஓட்டும்போது கண்ணாடி மூடிக்கொண்டால் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

- நம் வண்டியின் கண்ணாடி இறப்பரா, பசையா?
- இரவில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது?
- கால்மிதியைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தோம்?

அந்தத் தம்பியின் கெப் இப்போதும் ஓடுகிறது. தளம் புதிதாக வைத்த தகடு. மேல் ஓரத்தில் துரு சுரண்டிப் புது இறப்பர் போட்டிருக்கிறார்கள். அவரது அம்மா மாதம் ஒருமுறை வண்டிக் கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கி, தளத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார். "என் இருபத்தெட்டு வருசத்துக் கொழுந்துக் கூடை அதுக்குள்ளதானே இருக்கு" என்கிறார். அவர் சொல்வது சரிதானே. நீங்களும் இன்று போய் ஒருமுறை தடவிப் பாருங்கள்.